இந்திய வானியல் கழகம் தோன்றிய வரலாறு: கொடைக்கானலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொடைக்கானல் ஏரிக்கரையிலிருந்து அப்சர்வேட்டரிக்கு ஏறிச் செல்லும் சாலையில் பள்ளிப் பிள்ளைகளையும் வெளியூர் விருந்தினரையும் பல ஆண்டுகளாக அழைத்துச் சென்று வருகிறேன். சூரியனைப் பற்றி அவர்கள் கேட்பவற்றுக்கு அங்குள்ள படங்களே பெரும்பாலும் விடை சொல்லிவிடும். வானியலாளர்களுக்கென்று இந்த நாட்டில் ஒரு சங்கம் இருக்கிறதா, அதை யார் தொடங்கினார்கள், நம் மலைக்கு அதில் என்ன பங்கு என்ற கேள்விகளுக்கு மட்டும் நின்றுகொண்டே விடை சொல்ல முடிவதில்லை. ஒன்றைச் சொன்னால் அதற்கு முன் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனால் அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

இந்திய வானியல் கழகம் எப்போது தொடங்கப்பட்டது?

1972ஆம் ஆண்டு. இந்தியாவில் வானியலைத் தொழிலாகக் கொண்ட ஆய்வாளர்களும் அதற்கு நெருங்கிய துறைகளில் பணியாற்றுவோரும் சேர்ந்து அமைத்துக்கொண்ட கழகம் அது. கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த வைணு பாப்பு அதன் நிறுவனத் தலைவர். பதிவு அலுவலகம் ஹைதராபாத்தில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் வானியல் துறையில் இருக்கிறது.

அது கொடைக்கானலிலேயே தொடங்கப்பட்டது என்று ஊரில் சிலர் சொல்கிறார்களே, சரியா?

சரியன்று. நம் ஊருக்குப் பெருமை சேர்க்கும் பேச்சு என்பதற்காக அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. கொடைக்கானலில் நிறுவப்பட்டது ஆய்வகம்; கழகத்தின் முகவரி ஹைதராபாத்.

அந்த முகவரிக்குத் தகுந்த காரணமும் இருக்கிறது. ஹைதராபாத்தில் நிஜாமியா வானாய்வகம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இயங்கி வந்தது. பிற்பாடு அது உஸ்மானியா பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1959இல் அந்தப் பல்கலைக்கழகம் வானியலுக்கென்று தனித்துறை ஏற்படுத்தியது. மலை உச்சியில் இருக்கும் ஆய்வகத்தில் கருவிகள் இருக்கும், அவற்றைக் கையாளும் சிலர் இருப்பார்கள். ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வந்து சேருமிடம் பல்கலைக்கழகமே. ஒரு கழகத்துக்கு அப்படிப்பட்ட இடம் வேண்டும். பாப்புவின் தந்தையும் நிஜாமியாவில் பணியாற்றியவர் என்பதால், பாப்பு வானத்தைப் பார்க்கக் கற்றதும் அந்த வளாகத்தில்தான்.

சென்னையில் 1792லேயே வானாய்வகம் கட்டிய நாட்டில், கழகம் அமைய 1972 வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது?

என்னிடம் கேட்கப்படுபவற்றுள் நான் மிகவும் மதிக்கும் கேள்வி இது. அதற்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும்.

வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி 1786இல் எழும்பூரில் தம் சொந்த வானாய்வகத்தை ஏற்படுத்தினார். அதைக் கம்பெனி எடுத்துக்கொண்டு 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. கடல் வழிக்கும் நில அளவைக்கும் நாழிகைக் கணக்குக்கும் அது தேவைப்பட்டது. பின்னர் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. சூரியனின் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு உண்டா என்று அறிய வேண்டும் என்ற வற்புறுத்தல் அதன்பின் எழுந்தது. வானியலாளர் மிச்சி ஸ்மித் பழனி மலையையும் நீலகிரியையும் ஒப்பிட்டுப் பார்த்து இடம் தேடினார். 1893இல் கொடைக்கானல் என்று முடிவாகி, 1899இல் கடல் மட்டத்துக்கு 2343 மீட்டர் உயரத்தில் ஆய்வகம் தன் பணியைத் தொடங்கியது.

இவை எல்லாம் அரசாணைகளால் நடந்தவை. ஆணையும் நிதியும் இருந்தால், ஒரே ஓர் இயக்குநரும் சில உதவியாளர்களுமாக ஓர் ஆய்வகத்தை நடத்திவிடலாம். கொடைக்கானல் நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது. கழகத்தை அப்படி நடத்த முடியாது. ஒருவர் எழுதும் கட்டுரையைப் படித்துப் பிழை காட்டவும், மறுத்து எழுதவும், அதே வேலையை வேறோர் இடத்தில் செய்து பார்க்கவும் தகுதியுள்ள பலர் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் இருந்தால்தான் கழகம் கழகமாக நிற்கும். அந்தப் பலர் நம்மிடம் வெகுகாலம் இருக்கவில்லை.

ஓர் ஒப்பீடு சொல்கிறேன். கொடைக்கானல் ஆய்வகம் தொடங்கிய அதே 1899இல், அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் கூடிய வானியலாளர்கள் தங்கள் நாட்டுக்கான கழகத்தை அமைத்து, சைமன் நியூகோம்பைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே கல்லூரிதோறும் சிறு வானாய்வகங்கள் இருந்தன; அவற்றில் பயின்றவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தார்கள்; இரண்டாண்டுகளுக்கு முன் யெர்க்ஸின் திறப்பு விழாவுக்கு வந்து கூடிய பழக்கமும் இருந்தது. அதே ஆண்டில் பழனி மலையிலிருந்த மிச்சி ஸ்மித் தம் துறையைப் பற்றி நேருக்கு நேர் வாதிட விரும்பியிருந்தால், கப்பலேறித்தான் போயிருக்க வேண்டும்.

லண்டனில் 1820இல் பதினான்கு பேர் ஒரு விடுதியில் விருந்துண்டு தொடங்கியதே பிற்காலத்தில் ராயல் வானியல் கழகம் ஆனது. பதினான்கு பேர் என்பது சிறிய எண்ணிக்கையாகத் தோன்றலாம். 1899இல் வானியலையே வாழ்வாகக் கொண்ட பதினான்கு பேரை நம் நாட்டில் ஒரே மேசையைச் சுற்றி அமர வைப்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால் அதன் பெருமை விளங்கும்.

அப்படியானால் அதுவரை இந்தியாவில் கண்டறியப்பட்டவை எங்கே வெளியாயின?

பெரும்பாலும் லண்டனில். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர் அவர். 1874இல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடந்தபோது, பொதுமக்கள் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று இந்திய மொழிகளில் நூல் எழுதி வெளியிட்டவரும் அவரே. 1872இல் அவர் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். இந்தியர்களில் அந்தப் பெருமையை முதலில் பெற்றவர். தம் சொந்த நாட்டில் சேர்ந்துகொள்ள அவருக்கு ஒரு வானியல் கழகம் இல்லை. நிலைத்து நிற்கும் ஒன்று அமைய மேலும் நூறு ஆண்டுகள் ஆயின. இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

கொடைக்கானலின் மிகப் பெரிய கண்டுபிடிப்புக்கும் அதே வழிதான். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கே சூரியக் கரும்புள்ளிகளின் நிறமாலையை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் பட்டையை) ஆராய்ந்து, புள்ளியின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வாயு பாய்ந்தோடுவதைக் கண்டார். இன்று உலகெங்கும் அது எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது. அவர் அதைக் கொடைக்கானல் ஆய்வகத்தின் சொந்த அறிக்கைத் தொடரிலும், லண்டன் கழகத்தின் மாத இதழிலும் வெளியிட்டார். இடையில் இந்திய இதழ் என்று ஒன்று இருக்கவில்லை.

நீலகிரிக்கு இந்த வரலாற்றில் இடம் உண்டா?

உண்டு; அதுவும் கொடைக்கானல் ஆய்வகம் பிறப்பதற்கு முன்பிருந்தே உண்டு. 1871 டிசம்பர் 12 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் நீலகிரி வழியாகச் சென்றது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் சோலூரில் கருவிகளை நிறுவினார்; டெனன்ட் தலைமையிலான குழு தொட்டபெட்டாவில் நின்றது. சூரியனைச் சூழ்ந்த ஒளிவளையத்தின் நிறமாலையில் கருங்கோடுகள் இருப்பதை ஜான்சன் சோலூரில் கண்டார். சூரியனின் ஒளியைச் சிதறடிக்கும் பொருள் அந்த வளையத்தில் இருக்கிறது என்பதற்கு அது சான்றாயிற்று.

கிரகணம் முடிந்ததும் கருவிகள் பெட்டிக்குள் போயின, வந்தவர்கள் திரும்பினார்கள். அந்த ஊர்க்காரர் எவரும் அந்த அறிவில் பங்காளி ஆகவில்லை. சோலூருக்குப் போகும்போதெல்லாம் நான் இதை நினைத்துக்கொள்கிறேன்: உலகத் தரமான கண்டுபிடிப்பு ஓரிடத்தில் நிகழ்ந்தும், அவ்விடத்தில் அதைத் தொடர ஆள் இல்லாமல் போகலாம். அந்த நிலை நீலகிரியில் மாற ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1910இல் கல்கத்தாவில் ‘இந்திய வானியல் கழகம்’ என்றே ஒன்று இருந்ததாகப் படித்தேன். அதுவும் இதுவும் ஒன்றா?

பெயர் ஒன்று, கழகங்கள் வேறு. ஹாலி வால்மீன் வந்த 1910இல், அது கிளப்பிய ஆர்வத்தின் சூட்டோடு கல்கத்தாவில் அந்த முதற்கழகம் அமைந்தது. அரசின் கணக்குத் துறையில் உயர் அதிகாரியாக இருந்த டாம்கின்ஸ் அதன் தலைவர். வானத்தை ஓய்வு நேர ஆர்வமாகக் கொண்டவர்களே அதன் வலிமை. இதழும் வெளியிட்டார்கள். 1920களுக்குப் பிறகு அது நிலைக்கவில்லை.

அந்த முயற்சியைக் குறைவாகப் பேசுவது நியாயமாகாது. ஆனால் அதிகாரிகளின் ஆர்வத்தால் நடக்கும் சங்கம், அவர்கள் மாற்றலாகியும் ஓய்வு பெற்றும் போகும்போது தளர்ந்துவிடும். அடுத்த தலைமுறையைத் தானே பயிற்றுவிக்கும் துறைகள் அதற்குப் பின்னால் இருக்கவில்லை.

1972க்குள் அப்படி என்ன மாறிவிட்டது?

ஆட்கள் பெருகினார்கள். அதற்கு நம் இரண்டு மலைகளும் காரணம் என்பதை அழுத்தமாகவே சொல்வேன்.

முதலில் பழனி மலை. வைணு பாப்பு 1927இல் சென்னையில் பிறந்தவர். ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, 1949இல், வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர். அந்த வால்மீன் பாப்பு, போக், நியூகர்க் ஆகிய மூவர் பெயரையும் தாங்குகிறது. ஆலின் வில்சனுடன் சேர்ந்து அவர் 1957இல் வெளியிட்ட முடிவு, விண்மீனின் நிறமாலையில் உள்ள கால்சியக் கோட்டின் அகலத்தைக் கொண்டே அதன் உண்மையான ஒளித்திறனைக் கணிக்க வழி காட்டியது. வெளிநாட்டிலேயே தங்கியிருக்கலாம், திரும்பி வந்தார். உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகத்தை 1954இல் அமைத்து, பின் நைனிடாலில் அதை நிலைபெறச் செய்தார். 1960இல் கொடைக்கானலுக்கு இயக்குநராக வந்தார்.

வந்தவர் சூரியனோடு நின்றுவிடவில்லை. கொடைக்கானலின் இரவு வானம் மேகத்தாலும் ஈரத்தாலும் அடிக்கடி மூடிக்கொள்ளும். விண்மீன் ஆய்வுக்கு வேறிடம் வேண்டும் என்று தேடி, ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தார். 1968இல் அங்கே 38 செ.மீ. தொலைநோக்கி இயங்கத் தொடங்கியது. 1971இல் கொடைக்கானல் ஆய்வகம் தன்னாட்சி பெற்று இந்திய வான் இயற்பியல் நிறுவனம் ஆனது. 1972இல் காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. வியாழனின் துணைக்கோளான கானிமீடு ஒரு விண்மீனை மறைத்த நிகழ்ச்சியை அவ்வாண்டு ஜூனிலேயே அதைக் கொண்டு பதிவு செய்தார்கள். கழகம் பிறந்த ஆண்டும் அதே 1972 என்பதைக் கவனியுங்கள். கருவிகள் பெருகப் பெருக, அவற்றைக் கையாள இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள்.

அடுத்தது நீலகிரி. 1961இல் கோவிந்த் ஸ்வரூப், மேனன், குண்டு, கிருஷ்ணன் ஆகிய நால்வர், நாடு திரும்பி ரேடியோ வானியல் குழு ஒன்றை அமைக்க விரும்புவதாகத் தாய்நாட்டு அறிவியல் தலைவர்களுக்கு எழுதினார்கள். டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்திவந்த ஹோமி பாபா, அத்தகைய குழுவை அமைக்க முடிவு செய்துவிட்டதாக அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே தந்தி அனுப்பினார். ஸ்வரூப் 1963இல் வந்தார். 1970இல் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கி செயல்படத் தொடங்கியது. நாட்டிலேயே வடிவமைத்து, நாட்டிலேயே கட்டியது அது.

உஸ்மானியாவும் அப்போது வளர்ந்திருந்தது. ரங்காபூரில் 48 அங்குலத் தொலைநோக்கியை நிறுவியிருந்தது. ஆக, கொடைக்கானல், காவலூர், ஊட்டி, ஹைதராபாத், நைனிடால் என்று ஐந்து இடங்களில் ஒருவர் வேலையை மற்றவர் படித்து விவாதிக்கக் கூடியவர்கள் இருந்தார்கள். ஒளியை ஆய்பவர்களும் ரேடியோ அலையை ஆய்பவர்களும் ஒரே அவையில் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. 1972 என்ற ஆண்டு தற்செயலாக வாய்த்தது என்று நான் கருதவில்லை.

ஊட்டித் தொலைநோக்கி ஏன் மலைச்சரிவில் படுத்துக் கிடப்பதுபோல் இருக்கிறது?

கேள்வி கழகத்தைச் சற்றுத் தாண்டிப் போகிறது. ஆனாலும் இதைக் கேட்காமல் பிள்ளைகள் விடுவதில்லை. ரேடியோ தொலைநோக்கிக்கு மலையின் உயரம் முக்கியமன்று. அங்கே தேவைப்பட்டது சரிவு. முத்தோரை ஏறத்தாழ 11 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. வடக்கு தெற்காக அதே 11 பாகை சரிந்திருக்கும் மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள அலைவாங்கியை அதன்மேல் அமைத்தார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக அந்த ஓர் அச்சில் அதைத் திருப்பினாலே, வானில் ரேடியோ அலை வெளியிடும் ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடரலாம். நிலா ஒரு ரேடியோ மூலத்தை மறைக்கும் நொடிகளில் அலை எப்படித் தேய்கிறது என்று பார்த்து, அந்த மூலத்தின் கோண அளவைக் கணக்கிடுவதே அதன் தொடக்க காலப் பெரும்பணி. அங்கே பயின்றவர்களே பின்னர் நாட்டின் ரேடியோ வானியலை நடத்தினார்கள். 1871இல் சோலூரில் இல்லாமற்போனது இங்கே கிடைத்துவிட்டது.

ஆய்வகம், நிறுவனம், கழகம்: மூன்றும் ஒன்றுதானே?

ஆய்வகத்தில் கருவிகள் இருக்கும். நிறுவனம் சம்பளம் தந்து ஆய்வாளர்களை அமர்த்தும். கழகம் யாருக்கும் சம்பளம் தராது. உறுப்பினர்கள்தாம் அதற்குச் சந்தா தருகிறார்கள். காவலூரில் வேலை செய்பவரும் ஊட்டியில் வேலை செய்பவரும் தனித்தனி நிறுவனங்களுக்குக் கட்டுப்பட்டவர்கள். கழகத்தின் கூட்டத்தில் இருவரும் சமமான உறுப்பினர்கள். ஒரு நிறுவனத்தின் இயக்குநரைப் பார்த்து மற்றொரு நிறுவனத்தின் இளைஞர் கேள்வி கேட்க அங்கே இடமுண்டு. கழகத்தின் முதல் பயன் அதுவே என்பது என் எண்ணம்.

கழகம் செய்யும் பணிகள் யாவை?

கூட்டங்கள் நடத்துகிறது, ஆய்வுகளை வெளியிடுகிறது, வானியலைப் பொதுமக்களிடம் கொண்டு செல்ல முயல்கிறது. 1973இல் கழகத்தின் சொந்த ஆய்விதழின் முதல் தொகுதி வந்தது. 1909இல் எவர்ஷெட்டுக்கு வாய்க்காத அந்த இந்திய இதழ் கடைசியில் அமைந்தது என்று நான் மகிழ்கிறேன். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அது தனித்து வெளிவந்தது. இந்திய அறிவியல் அகாதமி 1980 முதல் வெளியிட்டு வந்த வான் இயற்பியல் இதழை இப்போது அகாதமியும் கழகமும் சேர்ந்து வெளியிடுகின்றன.

‘கழகம்’ என்பதா, ‘சங்கம்’ என்பதா?

இரண்டும் பொருந்தும். புலவர்கள் கூடித் தமிழ் ஆய்ந்த அவையைச் சங்கம் என்கிறோம். ஒருவர் பாட, மற்றவர் பொருட்குற்றமும் சொற்குற்றமும் காட்டிய அவை அது என்று மரபு சொல்கிறது. அறிவியல் கழகத்தின் வேலையும் அதற்கு வெகு தொலைவில் இல்லை. எழுத்து வழக்கில் பழகியிருப்பதால் நான் கழகம் என்றே எழுதுகிறேன்.

பாப்பு பின்னர் என்ன ஆனார்?

1979இல் அனைத்துலக வானியல் ஒன்றியத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ஒன்றியம் 1919இல் அமைந்தது முதல் அதுவரை எந்த இந்தியரும் அந்தப் பொறுப்பை வகித்ததில்லை. பதவிக் காலத்திலேயே, 1982 ஆகஸ்ட் 19 அன்று மியூனிக் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 55. காவலூருக்காக அவர் திட்டமிட்டிருந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி முழுமையடைந்ததை அவர் பார்க்கவில்லை. 1986 ஜனவரியில் அந்தத் தொலைநோக்கிக்கும் காவலூர் வானாய்வகத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது.

இந்த இரண்டு மலைகளின் நினைவு கழகத்தில் இன்று எங்கேனும் இருக்கிறதா?

கழகம் வழங்கும் சிறப்புகளில் இருக்கிறது. சிறந்த ஆய்வு செய்யும் இளம் வானியலாளருக்கு வைணு பாப்பு பெயரில் தங்கப் பதக்கம் வழங்குகிறது. வாழ்நாள் பணிக்கான விருது, 2020இல் காலமான கோவிந்த் ஸ்வரூபின் பெயரைத் தாங்குகிறது.